பெருநாளுக்குப் பின்

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரமாகியும் நம் இல்லங்களில் விருந்து ஓய்ந்தபாடில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் விருந்தாளி வரும்போதெல்லாம் தொதலும் வட்டலப்பமும் வருகின்றன. பிறகு நெய்ச்சோறு, இறைச்சி ஆணம். சர்க்கரை நோயுள்ள வாப்பாவிடமும், "ஒரு துண்டுதானே" என்று நீட்டுகிறோம். தேங்காய்ப்பாலும் இனிப்பும் இறுகிய அந்த ஒரு துண்டு அவருக்கு என்ன செய்யும் என்பதை நாம் அறியாதவர்களா?

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்ததைத் திர்மிதியில் காண்கிறோம். ஒரு மாதம் பசியைப் பழகிய நமக்கு இது கடினமன்று. ஷவ்வாலின் ஆறு நோன்பு இதற்கு நல்ல துணை. விட்டு விட்டும் நோற்கலாம். நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். திறப்பதற்குப் பேரீத்தம்பழமும் கஞ்சியும் போதும், எண்ணெய்ப் பலகாரம் எதற்கு?

மற்ற நாட்களில் நம் கரையின் நெத்திலி ஆணமும் முருங்கைக்கீரையும் சோறும் இருக்கின்றன. சமையல் சுருங்கினால் அடுப்படியும் சீக்கிரம் ஓயும். ஆண்கள் எழுந்த பின் மிச்சத்துக்கு உட்காரும் நம் பெண்களும், அந்த வேளையிலேயே வீட்டாரோடு ஒரே சஹனில் உட்காரட்டும்.