எதற்காக நன்றி சொல்வது?



"ஆண்டவர் எங்களைக் காப்பாற்றிவிட்டார், அவருக்கு நன்றி." ஆபத்து ஒன்று வந்து போனபின் நம் வாயில் முதலில் வருகின்ற சொற்கள் இவைதாம். நல்ல சொற்களே. ஆயினும் அவற்றை யாருடைய காது கேட்கச் சொல்கிறோம் என்பதை நான் ஒருமுறை யோசியாமல் விட்டேன். அதனை இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசெம்பர் 26. கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். அன்று காலையில் கடல் எழுந்தது. திருகோணமலை உள்துறைமுகம் குன்றுகளின் நடுவே ஒதுங்கிக் கிடப்பது; ஆழமும் மிகுந்தது. அதனை அண்டிய எங்கள் தெருக்களை அலை அவ்வளவாகத் தீண்டவில்லை. ஆனால் வெளிக்கடலைப் பார்த்துக் கிடந்த நிலாவெளி, குச்சவெளிக் கரைகளும், கொட்டியாரக் குடாவின் அப்பால் கிண்ணியாவும் மூதூரும் பட்ட பாடு சொல்லி முடியாது. கிண்ணியாவில் வைத்தியசாலையையே கடல் உடைத்துப் போயிற்று. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 1,000 பேரளவில் மாண்டனர். இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல்.

அடுத்த ஞாயிறு, 2005 ஜனவரி 2. இறைவன் நம் துறைமுகத்தைத் தம் உள்ளங்கையில் ஏந்திக் காத்தார், அவருக்கு நன்றி செலுத்துவோம் என்று நான் பிரசங்கித்தேன். மக்கள் உருகிக் கேட்டார்கள். எனக்கும் நன்றாகப் பேசிவிட்டேன் என்ற எண்ணந்தான்.

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றும்போது ஒரு தாய் அறை வாசலில் வந்து நின்றார். நிலாவெளிப் பக்கம் மணமுடித்துப் போன அவருடைய மகளை அலை கொண்டுபோயிருந்தது. எனக்கு அது தெரியாது; விசாரித்திருக்க வேண்டியவன் நான்.

"சுவாமி, உங்களைக் கையிலை ஏந்தினவர், என்ரை பிள்ளையை ஏன் கைவிட்டவர்?" என்று கேட்டார். அழவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை.

அன்றிரவு லூக்காஸ் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். ஆலயத்தில் நின்று செபித்த பரிசேயனை நாம் எல்லோரும் ஏசுவோம். அவன் செய்த செபம் என்ன? நன்றிச் செபந்தான்! மற்றவர்களைப் போல் தான் இல்லை என்பதற்காக நன்றி சொன்னான். அயலானுடைய குறையை அளவுகோலாக வைத்துத் தன் நிறைவை அளந்தான். அயலானுடைய சாவை அளவுகோலாக வைத்து நான் என் உயிரை அளந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அப்படியானால் துன்பத்தில் நன்றியே கூறலாகாதா? புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், எந்த நிலையிலும் நன்றி கூறும்படி கேட்கிறார். எந்த நிலையிலும் என்கிறார். வந்த கேடு ஒவ்வொன்றுக்காகவும் என்று அங்கே எழுதவில்லை. மகளைக் கொண்டுபோன அலைக்காக ஒரு தாய் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் போதகர்கள் உண்டு. நீங்கள் அவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி கூறினார். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரின் பொருளே நன்றி கூறல் என்பதுதான். அதே இரவில், ஒலிவ மலையில் முழந்தாளிட்டு, இக்கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டுமென்றும் மன்றாடினார். கையிலிருந்த அப்பத்துக்கு நன்றி. வரவிருந்த கசப்பைக் கசப்பென்றே சொன்னார். நன்றி கூறிய அப்பத்தையும் தாம் வைத்துக்கொள்ளவில்லை, பிட்டுக் கொடுத்தார்.

ஆழிப்பேரலையில் தப்பிய மூதூர் மக்கள், இருபது மாதங்கூட ஆகுமுன், 2006 ஓகஸ்டில் சண்டைக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். தப்பியதையே நன்றிக்குக் காரணமாக வைத்திருந்தால் அன்று அந்த நன்றி என்னவாகியிருக்கும்? 2022இல் மண்ணெண்ணெய் கிடையாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது, உலையில் போட அரிசியில்லாத வீட்டில் எதைச் சொல்லி நன்றி கூறுவது? இக்கேள்விகளுக்கு என்னிடம் பிரசங்கம் இல்லை. ஆனால் அந்தத் தாய் மறுபடியும் வந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்குச் சொல்ல வந்தவர், இன்னொரு பூசைக்கும் காசு நீட்டினார். நன்றிப் பூசை என்றார். நான் திகைத்துப் போனேன்.

"பிள்ளையின்ரை உடம்பை ஒரு முஸ்லிம் மனிசன் தான் கண்டெடுத்தவர், சுவாமி. தன்ரை தோளிலை கிடந்த துண்டாலை மூடி, நாங்கள் வருமட்டும் வெயிலுக்குள்ளை காவல் இருந்தவர். அவற்றை வீட்டிலையும் ரெண்டு பேர் இல்லையாம். எத்தினை பேருக்கு உடம்பே கிடைக்கேல்லை."

அவருடைய பெயரென்ன என்று கேட்டேன். அந்த நேரத்தில் பெயர் கேட்கத் தோன்றவில்லையாம்.

பூசைப் புத்தகத்தில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, அதற்கு நேரே 'நன்றி' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.