காயலோரத்து வீடு

வீடு கட்ட விரும்புவது இல்லறத்தாருக்கு இயல்பான, நியாயமான ஆசை. அதுவும் நீர்நிலையை நோக்கிய வீடு என்றால் அந்த ஆசை இன்னும் வலுப்பெறுகிறது. ஆனால் நல்ல எண்ணத்துடன் பெற்ற வீடு, அந்த எண்ணம் ஒன்றினாலேயே நியாயமானதாகிவிடுமா? கொச்சி நகரம் இந்தக் கேள்வியை நம்முன் வைத்திருக்கிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில், காயலுக்கு அருகே ஓர் அரண்மனை உள்ளது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர்கள் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் அது டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. கட்டியவர், புதுப்பித்தவர், வாழ்ந்தவர் எவரும் இன்று இல்லை. மன்னரின் படுக்கையறைச் சுவரில் தீட்டிய ராமாயண ஓவியங்களை இன்று யார் வேண்டுமானாலும் சென்று காணலாம். வீட்டுக்கு நாம் சில காலம் விருந்தினர், அவ்வளவே.

அதே கொச்சியை ஒட்டிய மரடில், காயல் கரையில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உள்ளாட்சி அமைப்பு அனுமதி அளித்திருந்தது. எனினும் அவை கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு மாறாகக் கட்டப்பட்டவை என்று கண்ட உச்சநீதிமன்றம், 2019 மே 8 அன்று அவற்றை இடிக்க ஆணையிட்டது. வீட்டு உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கவும் பின்னர் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் வெடிவைத்து நான்கும் தகர்க்கப்பட்டன. கடைசியாக வீழ்ந்ததன் பெயரிலேயே 'காயலோரம்' என்ற சொல் இருந்தது.

பணம் செலுத்தி, பத்திரம் பதிந்து, வரி கட்டி வாழ்ந்தவர்கள் செய்த குற்றம் என்ன? இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் தூய எண்ணம் ஒருவரைப் பழியிலிருந்து விடுவிக்குமே அன்றி, இல்லாத உரிமையை உண்டாக்காது. கரை என்பது மீனவருக்கும், மீன் முட்டையிடும் அலையாத்திக் காட்டுக்கும், வெள்ளம் வரும்போது உள்நாட்டில் இருப்போருக்கும் பொதுவானது. ஒருவரது அறியாமையால் மற்றவர்களின் உரிமை அழிந்துவிடாது.

தவறு எங்கே நேர்ந்தது? கட்டுபவர் அனுமதியை நம்புகிறார். வாங்குபவர் கட்டுபவரை நம்புகிறார். ஆராய வேண்டிய கடமையை ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் விட்டுவிடும்போது, அதைச் செய்ய யாருமே இல்லாமல் போகிறார்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'எல்லாம் நிலையற்றவை' என்று வீட்டை இழந்தவரிடம் போய் உபதேசிப்பது வைராக்கியம் அல்ல, இரக்கமின்மை. அவருக்கு நாம் தர வேண்டியது ஆறுதலும் நியாயமான இழப்பீடும்தான். வைராக்கியத்தை நாம் நம்மிடமே கேட்க வேண்டும். அதுவும் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். 'இந்த இடம் என்னால் வாங்கக்கூடியதா?' என்பதோடு, 'இது விற்கத்தக்கதுதானா?' என்றும் கேட்போம்.