துரத்துவோரும் வழிப்போக்கரும்

குற்றவாளியைத் துரத்திப் பிடித்தல் காவலர் கடமை. அவ்வாறு வண்டியில் துரத்துகையில், தெருவோரம் செல்லும் ஒருவர் அடிபட்டுக் கால் இழந்தால், அப்பொறுப்பு யாரைச் சாரும்? தப்பி ஓடியவனையே சாரும் என்று உடனே விடை கூறத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அமெரிக்க வழக்குகள் சிலவற்றைப் படித்தறிந்தபின் அவ்விடை நமக்குப் போதவில்லை.

1990-ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமென்டோ பகுதியில், இருவர் சென்ற மோட்டார் சைக்கிளைக் காவல் வண்டி துரத்திற்று. குடியிருப்புத் தெருக்கள், மணிக்கு 100 மைல் வரை வேகம். எல்லாம் 75 நொடிகளில் முடிந்தது. பின்னால் அமர்ந்திருந்த 16 வயதுச் சிறுவன் காவல் வண்டி மோதி இறந்தான். ஓட்டியவன் அவன் அல்லன். தீங்கு செய்யும் நோக்கம் இருந்தாலன்றி, அரசியலமைப்புச் சட்டப்படி காவலர் பொறுப்பாகார் என்று 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணநேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர் என்பது அதற்குரிய காரணம். அக்காரணத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

மாநிலச் சட்டமேனும் துணைசெய்யுமா எனில், கலிபோர்னியாவில் அதுவும் அரிது. துரத்தல் பற்றிய விதிமுறைகளை எழுதிவைத்து, காவலருக்குப் பயிற்சியும் அளித்துவிட்டால், ஓடுபவனின் வண்டி பிறர்மேல் மோதியதற்குக் காவல்துறை பொறுப்பேற்க வேண்டியதில்லை. விதி வகுக்கப்பட்டதா என்பதே வினா. அன்று பின்பற்றப்பட்டதா என்பதன்று. பாடக்குறிப்பேட்டைப் பார்த்தே ஆசிரியை நன்கு கற்பித்தார் என்று முடிவு கட்டுவது போன்றது இது! எஞ்சியவன் தப்பி ஓடியவன். இழப்பீடு தர அவனிடம் பொருள் ஏது?

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றையும் இதனோடு வைத்துப் பார்த்தோம். அதில் வண்டி இல்லை. 2008 சூலையில், ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத் தெருவொன்றில், போதைப்பொருள் விற்பவன் என்று ஐயுற்ற ஒருவனைக் காவலர் பிடிக்க முயன்றனர். போராட்டத்தில் அனைவரும், அவ்வழியே நடந்த 76 வயது மூதாட்டியார்மேல் விழுந்தனர். (ஏறத்தாழ நம் வயதினர், ஆதலின் நெஞ்சில் சற்று ஆழமாகவே தைத்தது.) அருகிலிருப்போர்க்குத் தீங்கு நேரும் என முன்னுணரத்தக்க இடத்தில், காவலரும் பிறரைப் போலவே கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்று 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று அது தேடவில்லை. கவனமின்மையே இம்சைக்கு வித்து எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இத்தீர்ப்பு அயலாகத் தோன்றாது.

துரத்துவோர் நின்றுவிடுவர் என்று தெரிந்தால் ஓடுவோர் மிகுவரே என்பார் உண்டு. 2007-இல் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதனையே எடுத்துரைத்தது. அச்சம் மெய்யானதே. ஆனால் காவலரைத் தண்டிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. குற்றவாளி பிடிபடுவதால் விளையும் நன்மை ஊரார் அனைவருக்கும் உரியது. அதன் விலையைத் தெருவில் நின்ற ஒருவர் மட்டும் தம் உடலால் செலுத்துவது எங்ஙனம் முறையாகும்? ஊரார் வரிப்பணத்திலிருந்து அரசு ஈடு செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அம்மூதாட்டியாருக்கு உரிய தொகையைக் கணக்கிடும் பணி, 2018 பிப்ரவரியில்தான் கீழ் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அவர் வீழ்ந்து ஒன்பதரை ஆண்டுகள் கடந்திருந்தன.