அகராதிப் பொருளும் பனியன் கம்பெனிப் பொருளும்

சீடன்: ஐயா, ஆங்கிலச் சொற்களை ஒரு பக்கமும் அவற்றின் அகராதி விளக்கங்களை மறுபக்கமும் எழுதி, 'பொருத்துக' என்று பள்ளிகளில் வினாக் கேட்கிறார்கள். அனைத்தையும் பிழையின்றிப் பொருத்தியவன் அந்தச் சொற்களின் பொருளை அறிந்தவன்தானே?

ஆசிரியர்: சொல்லுக்கு இணையான சொற்களை அவன் அறிந்திருக்கிறான். பொருளை அறிந்துவிட்டான் என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். ஒரு சொல்லுக்குப் பொருளாகச் சொன்னதற்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை இராது என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. உணர்த்துபவர் எவ்வளவு வல்லவரானாலும் உணர்வது கேட்பவரின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அகராதி செய்தவர்களும் இந்தச் சிக்கலோடு போராடியவர்களே. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை அதைவிடக் கடினமான சொற்களால் விளக்கியது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஏறத்தாழ 1,500 எளிய சொற்களைக் கொண்டே மற்றவற்றை விளக்கும் அகராதியை 1935-இல் கொண்டுவந்தார். அந்த 1,500 சொற்களை எதைக் கொண்டு அறிவது? கண்டும் தொட்டும் செய்தும்தான் அறிய வேண்டும்.

சீடன்: அப்படியானால் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அகராதியே வேண்டியதில்லையே? கவுண்ட், கட்டிங், செக்கிங், ஓவர்லாக், ஷிப்ட் என்று நாள் முழுதும் ஆங்கிலச் சொற்களைக் கையாளுகிறார். வேலையும் தவறின்றி நடக்கிறது.

ஆசிரியர்: உன் வாதத்தில் பாதி உண்மை. 'கவுண்ட்' என்பதற்கு எண்ணுதல் என்று பொருத்தியவனிடம் முப்பது கவுண்ட் நூலையும் நாற்பது கவுண்ட் நூலையும் கொடுத்தால், எண் பெரிதாக இருப்பதே தடித்த நூல் என்று நினைக்கக்கூடும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தி நூலின் கவுண்ட். எண் கூடக்கூட நூல் மெலியும். நூலை விரலால் தொட்டே சொல்பவருக்கு இது தெரியும். பொதுப்பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்குத் தெரியாது. ஆனால் புழக்கம் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். பிரிட்டனில் 'வெஸ்ட்' என்றால் உள்ளே போடும் பனியன். அமெரிக்காவில் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத அங்கி. 'ஜம்பர்' பிரிட்டனில் கம்பளிச் சட்டை; அமெரிக்காவில் பெண்களின் கையில்லாத கவுன். இரு நாட்டு ஆர்டர்களும் வந்து சேரும் ஊர் திருப்பூர். இரண்டு புழக்கங்களும் அவரவர் நாட்டில் சரியானவை. அவை சந்திக்கும் இடத்தில் எழுதி வைத்த வரையறைதான் வழக்கைத் தீர்க்கும். அதனால்தான் உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டின் 61-ஆம் அத்தியாயம், பின்னலாடையில் சட்டை எது என்பதற்குப் பின்னல் கண்ணிகளையே எண்ணச் சொல்கிறது. குறைந்தது 10 சென்டிமீட்டர் சதுரத்தில் எண்ணிப் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சராசரி 10 கண்ணிகளுக்குக் குறைந்தால் அது சட்டைக்குரிய தலைப்பில் சேராது. அறிமுகமில்லாதவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடே வரையறை.

சீடன்: அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள வசதி. தைப்பவருக்கு அதனால் என்ன?

ஆசிரியர்: தைப்பவருக்குத்தான் அது அதிகம் வேண்டும். 'ஷிப்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள். ஒரு குழு வேலையை முடித்துப் போக அடுத்த குழு வந்து ஏற்கும், அந்த முறை நேரமே ஷிப்ட் என்பது அகராதி. திருப்பூரில் ஒரே ஆள் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை தைத்தால் அது 'ஒன்றரை ஷிப்ட்'. அங்கே யாரும் யாருக்கும் மாறவில்லை. எட்டு மணி நேரம் என்ற கூலி அளவாகச் சொல் மாறிவிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் செய்த வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. கூடுதல் நேரத்தை 'ஓவர்டைம்' என்றால் அந்த இரட்டைக் கூலி நினைவுக்கு வரும். 'அரை ஷிப்ட்' என்றால் அரை ஷிப்ட் கூலியோடு கணக்கு முடிந்ததாகத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி எழாமலே போகும்.

சீடன்: ஆனால் அந்தச் சொல்லைத் தொழிலாளர்களே பேசுகிறார்கள். வருமானம் கூடட்டும் என்று விரும்பி நீண்ட நேரம் தைப்பவர்களும் உண்டு. புத்தகத்தைக் காட்டி அவர்கள் பேச்சைத் திருத்துவது ஆணவம் ஆகாதா?

ஆசிரியர்: திருத்தினால் ஆணவம்தான். புழக்கத்தைப் பார்த்துப் பொருளை எழுதிக்கொள்வதே அகராதியின் வேலை. வணிகரைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் ஆலமரத்துக்கும் தளர்ந்த அங்கிக்கும் பெயராகி, நம்மிடம் பனியனாக நிலைத்தது. அந்த மாற்றங்களை மக்கள் செய்தார்கள், அகராதி பின்னால் வந்து பதிந்தது. ஆகவே 'ஒன்றரை ஷிப்ட்' பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லோடு சட்டத்தின் சொல்லையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்கிறேன். இரண்டையும் அறிந்து ஒருவர் நீண்ட நேரம் தைத்தால் அது அவர் தேர்வு. ஒன்றை மட்டும் அறிந்து தைத்தால் அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் எழுத்தை வாசிக்க இயலாமல் தைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

சீடன்: அப்படியானால் 'பொருத்துக' பயிற்சியை விட்டுவிடலாமா?

ஆசிரியர்: விட வேண்டாம், மூன்றாவது வரிசை ஒன்றைச் சேர். முதல் வரிசையில் சொல், இரண்டாவதில் விளக்கம், மூன்றாவதில் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் யார் யாருக்கு என்ன கடமைப்படுகிறார்கள் என்பது. கவுண்டுக்கு எதிரே நூலின் தரமும் விலையும் வரும். ஷிப்டுக்கு எதிரே உழைத்த மணிகளும் அதற்குரிய கூலியும் வரும். முதலிரண்டை மட்டும் பொருத்தியவன் தேர்வில் மதிப்பெண் பெறுவான். மூன்றையும் பொருத்தத் தெரிந்தவனே கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்பான்; அவனைத்தான் சொல்லின் பொருள் அறிந்தவன் என்பேன்.