சாவா மூவாப் பேராடும் பத்து வாட் பலகையும்

போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சுவாவில், எங்கள் இளமையில் பால்மரக் காடாக இருந்து பின்னர் செம்பனைக்கு இடம் விட்ட நிலத்தின் ஓரமாக, என் தமக்கையார் தனியே வசித்துவருகிறார். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்த அத்தான் 2019-இல் காலமானார். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் குடியேறிவிட்டார்கள். அக்காவுக்குத் துணையாக வீட்டில் எஞ்சியது அத்தானுடைய பழைய புரோட்டோன் சாகா ஒன்றுதான். அக்காவுக்குக் காடி ஓட்டத் தெரியாது. (காரைக் காடி என்பது எங்கள் பக்கத்து வழக்கு, அக்காவைப் பற்றி எழுதும்போது எனக்கு வேறு சொல் வருவதில்லை.) தீபாவளிக்கோ திவசத்துக்கோ பிள்ளைகள் வந்தால், அல்லது மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து நான் போனால், அது தெருவைப் பார்க்கும், மற்ற நாளெல்லாம் முன்தாழ்வாரத்தில் துணிப் போர்வைக்குள் நிஷ்டையில் இருக்கும். விற்றுவிடலாமே என்று சொல்லாத உறவினர் இல்லை. அக்கா அதற்கு விடை சொல்வதுமில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைந்தபோது, அந்தக் காடியும் ஏழெட்டு வாரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் சாவியைத் திருகினால், 'டக்' என்று ஓர் ஒலி, அதன்பின் மௌனம். பட்டறைக்காரர் வந்து தம்முடைய வண்டியின் பேட்டரியோடு கம்பி இணைத்துக் கிளப்பிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே 'டக்'. புதிய பேட்டரி வாங்கினோம். அடுத்த ஆண்டு அதுவும் அந்த வழியே போயிற்று. "ஓட்டாத காடிக்கு எதுக்குக்கா பேட்டரி? காசுக்குக் கேடு" என்று பட்டறைக்காரர் சொன்னது, தம்முடைய வியாபாரத்துக்கே விரோதமான நல்ல மனத்தினால்தான். ஆனால் அந்த வார்த்தை என்னைத் தொடர்ந்து வந்தது. போகப்போவது நிச்சயமில்லாத ஒரு பயணத்துக்காக நாள்தோறும் ஆயத்தமாக இருப்பதில் பொருள் ஏதும் உண்டா? நம்முடைய ஆராதனைகளில் பெரும்பகுதியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாமே!

பேட்டரி ஏன் சாகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதன் மரணத்தில் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலக் கலத்தின் வம்சம்தான் இன்றும் நம் காடிகளில் இருக்கிறது. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட்; நிறைந்து ஓய்ந்திருக்கும்போது மொத்தம் 12.6. மின்சாரத்தைக் கொடுக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளின்மேல் ஈயச் சல்பேட்டு வெண்மையாகப் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே திரும்ப மின்னூட்டினால் அந்தப் படிவு கரைந்து தகடு பழைய நிலையை எய்தும். கொடுத்த கையை அப்படியே வெறுங்கையாக வாரக்கணக்கில் விட்டுவிட்டால், மென்மையாக இருந்த படிவு பெரும் பளிங்குகளாக இறுகிப் பிறகு எந்த மின்சாரத்துக்கும் இணங்காது. ஓட்டாத காடியும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது: கடிகாரம் ஓடுகிறது, அத்தான் பின்னாளில் பொருத்திய திருட்டுக் காப்பு மணி கண்விழித்திருக்கிறது. முப்பது மில்லி ஆம்பியர் என்பது ஒரு துளிதான். ஆனால் 45 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் அந்தத் துளி ஒரு மாதத்தில் ஏறக்குறையப் பாதியை உறிஞ்சிவிடும்.

செம்பில் களிம்பு போல உயிரை ஆணவம் அநாதியாகப் பற்றியிருக்கிறது என்பது சைவ சித்தாந்தத்தின் புகழ்பெற்ற உவமை. பேட்டரியின் களிம்பு அநாதியானதன்று, கொடுத்ததனால் வந்தது. கொடுத்ததும் குற்றமன்று. கொடுத்தபின் நிரப்பாமல் விட்டதே குற்றம். பிறர்க்கு உழைத்து உழைத்துக் கசந்துபோன மனிதர்களை, முக்கியமாகப் பெண்களை, நம் தோட்டங்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கசப்பை ஆணவம் என்று சொல்லும் உபந்நியாசகரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஈயத் தகடுதான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது பேட்டரி வாங்கியபோது, அக்காவின் இளைய மகன் ஒரு சூரியப் பலகையை வாங்கி அனுப்பினான். பெரிய சம்பிரமம் ஒன்றுமில்லை, பத்து வாட். அதை முன்கண்ணாடிக்குள் சாய்த்துவைத்துச் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் போதும் என்று எழுதியிருந்தது. காடியைத் தாழ்வாரத்தின் விளிம்புவரை நகர்த்தி, வெய்யில் படும்படி அவ்வாறே செய்தோம். பலகையின் மூலையில் நீலவிளக்கு ஒன்று காலை முதல் மாலை வரை மினுக்கிக்கொண்டிருந்தது. அக்கா மகிழ்ந்தார். ஒரு மாதம் கழித்து நான் போய்ச் சாவியைத் திருகினால், 'டக்'.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. சாவியை எடுத்துவிட்டால் அந்தத் துளைக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. பல காடிகளின் அமைப்பு அப்படி. சூரியன் எரிந்தது, பலகை வாங்கியது, நீலவிளக்கு சாட்சி சொன்னது, ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. இறைவன் தொழில் செய்யும் முறைக்குச் சித்தாந்திகள் சூரியனையே உவமை காட்டுவார்கள். தாமரையை மலர்த்த வேண்டும் என்று சூரியன் சங்கற்பிப்பதில்லை. அதன் சந்நிதியில் ஒரு பூ மலர்கிறது, ஒன்று அரும்பாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. பேதம் பூவின் பக்குவத்தில் உள்ளதேயன்றிச் சூரியனிடத்தில் இல்லை என்பார்கள். அழகான உவமைதான். ஆயினும் அன்றைக்கு எனக்கு அதில் ஒரு குறை தென்பட்டது. எங்கள் விஷயத்தில் சூரியன்மீதும் பழி இல்லை, பேட்டரியின் பக்குவத்திலும் பழுதில்லை. இடையில் கம்பி கட்டியவர்கள் நாங்கள். எத்தனை கோயில்களில், எத்தனை மடங்களில், நீலவிளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க உள்ளே ஒன்றும் ஏறாமல் இருக்கிறதோ! அங்கெல்லாம் பக்தனுடைய பக்குவக் குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது கம்பி கட்டியவனுக்கு மிகவும் சௌகரியம். சித்தாந்தம் குருவுக்கு அத்தனை பெரிய இடத்தை ஒதுக்கியிருப்பது இதை அறிந்துதான் போலும்.

பிறகு முறையாகச் செய்தோம். பலகையை முன்தாழ்வாரத் தகரக் கூரைமேல் ஏற்றி, நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்து, கம்பியைப் பேட்டரியின் கொம்புகளிலேயே நேராகக் கவ்வவிட்டோம். அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலை: நிறைந்தபின் 13.6 வோல்ட்டுக்கு அருகில் நிறுத்திப் பேட்டரி கொதியாமல் காப்பது. இரவில், பகலெல்லாம் கொடுத்த அந்தப் பலகையே திருப்பி உறிஞ்சிக்கொள்ளாமல் வழியடைப்பது. பூமத்திய ரேகைக்கு இரண்டரைப் பாகை வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். பிற்பகல் மழை கறுத்துவந்தாலும் முற்பகல் வெய்யில் தன் பங்கைச் செலுத்திவிடுகிறது.

எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கடைசியில் கேட்டார்: "ஏந்தம்பி, வெய்யில்ல தானாவே ஏறிக்கிதுன்னா, இனிமே நாம ஒண்ணும் பண்ண வேணாமா? அப்ப நம்ம கோயில் மேளம் மாதிரிதானா இதுவும்?"

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்துக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலைத்தான் சொன்னார். அங்கே பூசை வேளையில் சுவிட்சைத் தட்டினால், ஒரு சிறு மோட்டார் சுழன்று, முரசையும் மணியையும் சேகண்டியையும் தானே அடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. தமிழர் வாழும் நாடெங்கும் இன்று அது பரவியிருக்கிறது. லயத்திலிருந்து சனங்கள் வெளியேறியபின் மேளமடிக்க ஆளில்லாமல் வாங்கியது. அக்கா நாள்தோறும் அந்தி வேளையில் அங்கே ஓர் அகல் ஏற்றிவருகிறவர். அந்த இயந்திரம் முழங்கும்போது மட்டும் கும்பிடுவதை நிறுத்தி, ஓயும்வரை காத்திருப்பார். ஆக, அவர் கேட்டது காடியைப் பற்றிய கேள்வியே அன்று. காவலை வேறொன்றினிடம் ஒப்படைத்துவிட்டால் அது நம்முடைய காவலாகுமா?

இதற்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று யோசித்தபோது தஞ்சைக் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. இராசராசன் 1010-இல் நிறைவேற்றிய பெரிய கோயிலில் நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அதற்கு முதலாக 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. விளக்கு வைத்தவன் நெய் ஊற்ற வருவதில்லை. அவன் போர்க்களத்தில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். ஆடுகள் மேய்ந்து, ஈன்று, பால் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, மூப்படையாதா? செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை 96-ஆகவே நிறுத்தவேண்டும் என்பது நிபந்தனை. அதனால் மந்தைக்கு மரணமில்லை. கொடுக்கக் கொடுக்க உடனே நிரப்பிக்கொள்ளும் ஒரு சேமிப்பு என்று இதைச் சொன்னால், எங்கள் கூரைப் பலகைக்கும் அதற்கும் வேற்றுமை மிகவும் சிறிது. ஒப்படைப்பது பாவமென்றால், நம் கோயில் விளக்குகளில் பெரும்பாலானவை பாவத்தில் எரிந்தவையே.

ஆனால் அந்தக் கல்வெட்டுகளை இன்னொரு தடவை படித்தால், ஆட்டோடு ஓர் ஆளும் இருப்பது தெரியும். மன்றாடி என்று வழங்கப்பட்ட இடையன் ஒருவன் மந்தையை ஏற்றுக்கொள்கிறான்; உழக்கு நெய் அளக்கும் பொறுப்பு அவன் தலையில், அவன் வம்சத்தின் தலையில் விழுகிறது. நம் கோயில் மேளத்தில் இல்லாதவன் அந்த மன்றாடிதான். சுவிட்சைத் தட்டியவர் தட்டிவிட்டு வாசலில் போய் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார்.

வடலூரின் நெருப்போ நந்தா விளக்கிலிருந்து வேறு. இராமலிங்க அடிகள் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருவது விளக்கைப்போல எரிவதற்காக அன்று. பசித்தவன் எந்நேரம் வருவான் என்று தெரியாததனால். விளக்கின் நிறைவு அதன் சுடரிலேயே இருக்கிறது. அடுப்பின் நிறைவு வருகிறவனுடைய வயிற்றில் இருக்கிறது. எங்கள் காடியின் பேட்டரி இவற்றுள் எந்த இனம்? நான் நெடுங்காலம் அதை விளக்கு என்றே எண்ணி, அத்தானுடைய ஞாபகார்த்தமாக அக்கா வைத்திருக்கும் ஒரு நந்தா தீபம் என்று சிறிது கவித்துவமாகவே எண்ணியிருந்தேன். அக்காவுக்கு அந்த எண்ணம் இல்லை என்பதை ஒரு சிறு சம்பவத்தால் அறிந்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நள்ளிரவில் வலி கண்டு, அவள் கணவனின் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக முடியாதபோது, அக்கா சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "ஓடுதான்னு பாரு, அய்யா" என்றாராம். அது ஓடிற்று. அதை அவர் எனக்குச் சொன்னதே இரண்டு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

பலகையால் ஆகாதவை பல உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும், நின்ற இடத்திலேயே நிற்கும் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், பிரேக் தட்டு துருவேறும், பெட்ரோல் பழையதாகும், எலி வயரைக் கடிக்கும். உயிரூட்டும் அதே வெய்யிலின் வெக்கைதான் எங்கள் நாட்டில் பேட்டரியின் ஆயுளை இரண்டு மூன்று ஆண்டாகக் குறைத்தும்விடுகிறது. பலகையையும் சும்மா விடமுடியாது: செம்பனை லாரிகள் கிளப்பும் செம்மண் தூசியும் மைனாவின் எச்சமும் ஒரு மாதத்தில் அதைக் குருடாக்கிவிடும். அக்கா ஏணியில் ஏறக்கூடாது என்பதனால், நீண்ட மூங்கிலில் ஈரத்துணியைக் கட்டிக் கீழே இருந்தபடியே துடைக்கிறார். பேட்டரியின் கொம்பில் பூக்கும் பச்சை வெண்மைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவக் கற்றுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் துலக்குகிற அதே திண்ணையில் உட்கார்ந்து, அதே முகத்தோடு, இதையும் செய்கிறார்.

சென்ற மாதம் நான் போனபோது போர்வையை உருவி மடித்து வைத்திருந்தார். சாவியைத் திருகினேன், முதல் திருகலிலேயே இயந்திரம் பிடித்துக்கொண்டது. முன்பலகைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தியிருந்தது. அத்தான் எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார். வழக்கம்போலப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கடைத்தெருப் பக்கம் விடு தம்பி, கோயிலுக்கு நல்லெண்ணெய் தீந்துபோச்சி" என்றார் அக்கா.