விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தர்மமா?

வீட்டை விற்பது என்று முடிவானதும் திருப்பூரில் முதலில் கூப்பிடப்படுபவர் பெயின்டர்தான். பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, கேட்டுக்குப் புது வர்ணம் பூசிய பிறகே தரகர் பார்ட்டியை அழைத்து வருவார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட வீட்டைக் கூட்டிப் பெருக்குவது நம் வழக்கம். ஆனால் அதே பெயின்டை, மழைக்காலம்தோறும் ஓதம் ஏறி உப்புப் பூக்கும் சுவரில், வாங்க வருபவர் கண்ணுக்குப் படக்கூடாது என்பதற்காகவே அடித்தால் அது என்ன? விற்பவர் ஒரு வார்த்தைகூடப் பொய் பேசவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாய் திறக்காமலே வாய்மை தவற முடியுமா என்பது பழைய அறக்கேள்வி. முடியும் என்பதே என் கட்சி. பத்திரம் பதிந்த மறுநாளும் வாங்கியவருக்குப் பயன் தருகிற வேலை செப்பனிடல். அட்வான்ஸ் கைமாறும் வரை மட்டும் தாங்கினால் போதும் என்று செய்கிற வேலை, அதற்கு எத்தனை லட்சம் செலவானாலும், பொய்.

இந்த வழக்கை ரோமில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாதாடி இருக்கிறார்கள். கி.மு. 44இல் கடமைகள் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் சிசரோ இதே நிலையில் ஒரு வீட்டுக்காரரை நிறுத்துகிறார். வீடு நோய் தரும், மரம் உளுத்தது, உள்ளே விஷப் பூச்சிகள் உண்டு. இது உரிமையாளர் ஒருவருக்கே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு, வாங்கு என்று யாரும் வற்புறுத்தவில்லையே என்கிறார் ஸ்டோயிக் தத்துவஞானி டயோஜெனஸ். தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் போகவிடுவது, வழி தெரியாதவனுக்கு வழிகாட்டாமல் இருப்பதைவிடக் கொடிது என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். வள்ளுவரும் அந்தப் பக்கம்தான். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்ற விதியை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், இல்லறவியலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று அவரே சொல்லியிருக்கிறாரே எனச் சிலர் வேறொரு குறளைக் காட்டுவார்கள். அந்த நன்மை யாருக்கு என்று கேட்டால் போதும். விற்பவர் பைக்கு வரும் நாலு லட்சத்தைக் குற்றமற்ற நன்மை என்று எந்த உரையாசிரியரும் எழுதமாட்டார்.

நம் சட்டம் இதில் சுவாரசியமான ஒரு கோடு கிழிக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், பேசாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அதைச் சொல்லாவிட்டால் மோசடி இல்லை என்று உதாரணமும் தருகிறது. பத்தாண்டு கழித்து வந்த 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், வீடு நிலம் என்று வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை இருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமை மோசடி என்கிறது அதன் 55ஆம் பிரிவு. குதிரையை ஓட்டிப் பார்க்கலாம். வீட்டின் நோய் பூச்சுக்கு உள்ளேயும் தரைக்கு அடியிலும் கிடக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானம் தெரியும், ஓதம் தெரியாது.

தரைக்கு அடியில் என்றால் திருப்பூரில் அது தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப் போன கதை ஊரறிந்தது. 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானது. நீதிமன்றத் தேதிக்கு நிலத்தடி நீர் கட்டுப்படுமா? ஆற்றோரப் பகுதிகளில் போர்த் தண்ணீரில் ஏறிய உப்பு ஒரு தீர்ப்பால் இறங்கிவிடாது. அங்கே வீடு விற்பவர் சமையலறையில் ஆர்.ஓ. பொருத்தினால் அது நல்ல வேலை, நாளையும் பயன்படும். வந்தவருக்கு அந்தக் குழாயில் மட்டும் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்து, போர்த் தண்ணீரைப் பற்றி வாயே திறக்காவிட்டால் அதே நல்ல வேலை பொய்யின் கருவியாகிறது. உப்புத் தண்ணிக்கும் குடிதண்ணிக்கும் தனித் தொட்டி, தனிக் குழாய், 2003இல் கட்டாயம் என்றதால் பேருக்குத் தோண்டி மண்மூடிப்போன மழைநீர்த் தொட்டியைத் தூர்வாருவது, மொட்டை மாடித் தளத்தின் கசிவை வேரோடு அடைப்பது, ஒயரிங்கையும் எர்த்தையும் சரிசெய்வது. இவைதான் செய்யத்தக்க செலவு. தரகருக்கு இந்தப் பட்டியல் பிடிக்காது, கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு விலை ஏறாது என்பார். அவர் சொல்வது உண்மைதான். கண்ணுக்குத் தெரியாததில் செலவு செய்யச் சொல்வதால்தான் இது கணக்குப் பிள்ளையின் கேள்வியாக முடியாமல் அறத்தின் கேள்வியாகிறது.

எல்லோரும் மறைக்கும்போது ஒருவர் மட்டும் உண்மை சொன்னால் அவர் நஷ்டப்படமாட்டாரா? இந்த ஆட்சேபம் கனமானது. இதற்குப் பதில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஓட்டையும் கறையும் உள்ள துணியில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுகிறார்கள். அது குப்பைக்குப் போவதில்லை. செகண்ட்ஸ் என்ற பெயரோடு, செகண்ட்ஸ் விலைக்கு, காதர்பேட்டையில் விற்கிறது. விற்பவரையும் வாங்குபவரையும் யாரும் பாவி என்பதில்லை. அந்தத் துணியையே முதல்தரப் பெட்டியில் கலந்து அனுப்பினால்தான் சரக்கு முழுவதும் திரும்பும், பெயர் கெடும். குறையுள்ள வீட்டையும் குறையோடு, அதற்குரிய விலைக்கு விற்கலாம். விலை குறைவது நஷ்டமல்ல. அது ஆரம்பத்திலிருந்தே நமக்குச் சேராத பணம்.

வாஸ்துவில்தான் சிக்கல். ஈசானிய மூலையில் கழிப்பறை, அக்னி மூலை தவறிய அடுப்பு: நம்பாதவருக்கு இவை குறையே இல்லை, நம்புபவருக்கு வீட்டையே வேண்டாம் என்று சொல்லவைக்கும். நம்பிக்கைக்குள் மட்டும் இருக்கும் குறையை வலியப் போய்ச் சொல்லும் கடமை இல்லை, கேட்டால் மழுப்பக்கூடாது. அந்த வீட்டில் நேர்ந்த அகால மரணம் பற்றிக் கேட்டாலும் இதே அளவுகோல்தான். ஆனால் வாஸ்துவுக்காகப் பாரம் தாங்கும் சுவரை இடித்து வாசல் மாற்றி, டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டு மௌனமாக இருப்பது நம்பிக்கை சார்ந்த விஷயமே அல்ல. அதன்மேல் தளம் நிற்கிறது, தளத்தின் கீழ் வேறொரு குடும்பம் தூங்கப்போகிறது. கணபதி ஹோமம் அந்தச் சுவரைத் தாங்காது. ஆகவே வீடு விற்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயின்டரைக் கூப்பிடும் முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவர் சரிசெய்ய முடியாது என்று சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி, அட்வான்ஸ் வாங்கும் முன்பே வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.