கணக்கில் சேராத விமானம்

ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய விமானியை 'ஏஸ்' என்று அழைக்கும் வழக்கம் முதலாம் உலகப்போரில் தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியரான எரிக் ஹார்ட்மனின் கணக்கு 352 ஆயிற்று. பத்துப் பேர் இருந்த விமானம் விழுந்தாலும் ஒன்றுதான். எண்ணப்பட்டவை விமானங்கள், மனிதர்கள் அல்ல.

பிரான்ஸ் ஸ்டிக்லரும் அத்தகைய ஒரு ஏஸ். 1943 டிசெம்பர் 20ஆம் திகதி, பிறேமன் நகரத்து விமானத் தொழிற்சாலையைத் தாக்கித் திரும்பிய அமெரிக்க பி-17 ஒன்றைத் துரத்திப் போனார். நெருங்கியும் வால்பக்கத் துப்பாக்கி அசையவில்லை. அதன் பின்னால் இருந்தவர் இறந்துவிட்டிருந்தார். கிழிந்த உடற்பகுதியூடாகக் காயம்பட்டவர்கள் தெரிந்தார்கள். பரசூட்டில் இறங்குபவனைச் சுட்டால் உன்னை நானே சுடுவேன் என்று அவரது தளபதி முன்னர் எச்சரித்திருந்தார். இவர்களைச் சுடுவதும் அது போலத்தான் என்று ஸ்டிக்லருக்குப் பட்டது. கடல் வரை கூடவே பறந்து, வணக்கம் வைத்துத் திரும்பினார். வெளியே சொன்னால் உயிர் போகும் என்பதால் மௌனமாக இருந்தார்.

1953இல் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். தான் தப்பவிட்ட விமானி சார்ளி பிரவுனை 1990இல் சந்தித்தார். 2008இல் இருவரும் இறந்தார்கள்.

கதை சொல்பவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். பொம்பர் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய எங்களால் அப்படி நிறுத்த முடிவதில்லை. பிரவுன் அதன் பிறகும் குண்டுவீசப் பறந்தார். கீழே பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்த ஒரு ஜேர்மன் தாய், "அவனை ஏன் விட்டாய்?" என்று ஸ்டிக்லரைக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது?

நீண்டகாலம் நான் அந்தத் தாயின் பக்கமே நின்றேன். எங்கள் வானத்தில் சுற்றிய விமானி எவனுக்கும் இரக்கம் காட்ட எனக்கு மனம் வந்ததில்லை. போர்ச் சட்டப்படியும் ஸ்டிக்லர் சுட்டிருக்கலாம்.

ஆனால் "நாளை கொல்வான், ஆகவே இன்றே கொல்" என்ற நியாயத்தை எங்கே நிறுத்துவது? எங்கள் ஊர்களில் இளம்பெடியன்களைப் பிடித்துச் சென்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எங்களுக்குள்ளேயே துரோகி என்று சுட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அந்த நியாயத்துக்குப் பிள்ளைகள்கூட வளரப்போகும் எதிரிகள்தான்.

ஸ்டிக்லர் நாளையைப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் தெரிந்த முகங்களைப் பார்த்தார். தாயின் கேள்விக்கு அது பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விமானம் அவர் கணக்கில் சேராமல் போனதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.